மணி ஒலிக்காத சான்றுகள்: துப்பறியும் வீடியோ கேமும் ஸ்ரீவில்லிபுத்தூரின் மூன்று கேள்விகளும்

1. கேள்வி

கடந்த காலத்து நகரம் ஒன்றைத் திரையில் எழுப்பி, அதன் தெருக்களில் ஆடுபவரைத் துப்பறிய விடும் வீடியோ கேம்கள் இன்று ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டன. 1947ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாரிஸ், விக்டோரியா காலத்து லண்டன் ஆகியவற்றின் சந்துகளை ராஜபாளையத்தில் இருக்கும் ஒரு மாணவர் வழி கேட்காமலே சுற்றிவரலாம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரின் தேர் வீதிகளில் அப்படித் துப்பறிய அவருக்கு ஒரு விளையாட்டு இல்லை. நாளை அது உருவாகலாம். உருவாகும்போது எந்த மாதிரியைப் பின்பற்ற வேண்டும் என்பதை இன்றே யோசிப்பது நல்லது.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். துப்பறியும் விளையாட்டு, வரலாற்றை ஆராயும் முறையைக் கற்றுத்தருகிறதா, அல்லது அந்த முறையின் தோற்றத்தை மட்டும் தருகிறதா? ஒரு நகரத்தின் உருவத்தையும் ஒலியையும் புழக்கத்தையும் உணர்த்துவதில் இத்தகைய விளையாட்டுக்கு ஈடு குறைவு. ஆனால் ஒவ்வொரு புதிருக்கும் ஒரே விடை உண்டு, அதற்கு வேண்டிய தடயமெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது என்று அது தரும் உறுதி, வரலாற்றாய்வின் அடிப்படைக்கே முரணானது. ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றியுள்ள மூன்று கேள்விகளைக் கொண்டு இந்த முரணைச் சோதிக்கலாம்.

2. இதுவரையிலான புரிதல்

வரலாற்றாசிரியரைத் துப்பறிவாளரோடு ஒப்பிடுவது பழைய வழக்கம். ஆர். ஜி. காலிங்வுட்டின் மறைவுக்குப் பின் 1946இல் வெளிவந்த ‘தி ஐடியா ஆஃப் ஹிஸ்டரி’ நூலில், ஒரு கற்பனைக் கொலை வழக்கை வைத்தே வரலாற்றுச் சான்று என்றால் என்ன என்று அவர் விளக்குகிறார். சாட்சி சொல்வதை அப்படியே ஏற்பதில் வரலாறு தொடங்குவதில்லை. கேள்வி கேட்பதில் தொடங்குகிறது என்பது அவருடைய வாதம். அங்கேயே அவர் ஒரு வேறுபாட்டையும் சுட்டுகிறார். நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். வரலாற்றாசிரியருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சான்று போதவில்லை என்றால் அவர் காத்திருக்கலாம்.

இத்தாலிய வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்புர்க் 1979இல் எழுதிய தடயங்கள் பற்றிய கட்டுரை இந்த ஒப்புமையை மேலும் விரித்தது. காது மடல், நகம் போன்ற சிறு கூறுகளை வைத்து ஓவியரை அடையாளம் கண்ட மொரெல்லி, நோயாளியின் வாய்தவறிய சொல்லைக் கவனித்த ஃபிராய்டு, சிகரெட் சாம்பலைப் படித்த ஷெர்லாக் ஹோம்ஸ் ஆகிய மூவரையும் அவர் ஒரே அறிவுமரபில் வைத்தார். ராபின் விங்க்ஸ் தொகுத்த ‘தி ஹிஸ்டோரியன் அஸ் டிடெக்டிவ்’ (1969) இதே எண்ணத்தைத் தலைப்பாகவே கொண்டது.

விளையாட்டுகள் பற்றிய ஆய்வு பின்னால் வந்தது. வகுப்பறையில் கேம்களைப் பயன்படுத்துவது குறித்து ஜெரமையா மெக்கால் 2011இல் எழுதிய ‘கேமிங் தி பாஸ்ட்’, கேமையே வரலாற்றெழுத்தின் ஒரு வடிவமாகக் கொள்ளும் ஆடம் சாப்மனின் ‘டிஜிட்டல் கேம்ஸ் அஸ் ஹிஸ்டரி’ (2016) ஆகிய இரண்டும் குறிப்பிடத்தக்கவை. உடையும் கட்டடமும் சரியா என்று பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது, விளையாட்டின் விதிகளே கடந்த காலம் பற்றி ஒரு வாதத்தை முன்வைக்கின்றன என்பது இவ்வகை ஆய்வுகள் வலியுறுத்தும் கருத்து. அந்தக் கருத்தை இக்கட்டுரை ஏற்கிறது. துப்பறியும் விளையாட்டின் விதிகள் சான்று என்பதைப் பற்றி என்ன வாதிடுகின்றன என்று பார்ப்பதே அடுத்த வேலை.

3. லாஸ் ஏஞ்சலஸ் 1947: நகரம் திறக்கிறது, வழக்கு மூடுகிறது

டீம் பாண்டி உருவாக்கி, ராக்ஸ்டார் கேம்ஸ் 2011இல் வெளியிட்ட ‘எல்.ஏ. நுவார்’ இவ்வகையின் முக்கியமான எடுத்துக்காட்டு. ராபர்ட் ஸ்பென்ஸ் விமானத்திலிருந்து எடுத்த பழைய புகைப்படங்களைத் துணைகொண்டு அதன் நகரம் கட்டப்பட்டது. நடிகர்களின் முகத்தை 32 கேமராக்களால் பதிவுசெய்து, கண் அசைவையும் உதட்டுத் துடிப்பையும் வைத்தே பொய்யைக் கண்டுபிடிக்கும்படி ஆடுபவரைப் பழக்கினார்கள். மறைந்துபோன பழைய டிராம்கள், கடைப் பலகைகள், வானொலிக் குரல்கள் என எல்லாம் சேர்ந்து, நூலில் படித்தால் கிடைக்காத ஓர் இட உணர்வைத் தருகின்றன. இதைச் சிறிய சாதனை என்று ஒதுக்க முடியாது.

சிக்கல் துப்பறியும் முறையில் இருக்கிறது. தடயத்தின் அருகே சென்றதும் ஒரு மணியோசை கேட்கும். கையிலுள்ள கருவி அதிரும். அந்த இடத்தில் தேட இன்னும் ஏதாவது இருக்கும்வரை பின்னணி இசை ஓடிக்கொண்டிருக்கும்; எல்லாம் கிடைத்ததும் நின்றுவிடும். விசாரணையில் சரியாகக் கணித்தால் ஒரு ஒலி, தவறினால் வேறொரு ஒலி. இந்த உதவிகளை அணைத்துவைக்க முடியும் என்றாலும், வழக்கு முடிந்ததும் எத்தனை தடயம் கிடைத்தது, எத்தனை கேள்வியில் கணிப்பு சரி என்ற மதிப்பீடு வந்து நிற்கும். சரியான விடையை அறிந்த ஒருவர் எங்கோ இருக்கிறார் என்பதே இந்த விதிகளின் அடியில் ஓடும் நம்பிக்கை.

இதன் விளைவு கொலைப் பிரிவு வழக்குகளில் வெளிப்படுகிறது. 1947 ஜனவரியில் எலிசபெத் ஷார்ட் என்ற இளம்பெண் லாஸ் ஏஞ்சலஸில் கொல்லப்பட்டார். செய்தித்தாள்கள் ‘பிளாக் டாலியா’ என்று பெயரிட்ட அந்த வழக்கில் கொலையாளி இன்றுவரை அகப்படவில்லை. விளையாட்டு முதலில் நேர்மையாகவே நடந்துகொள்கிறது. ஆடுபவர் தடயங்களைச் சேர்த்து ஒருவர் பின் ஒருவராகக் குற்றம் சாட்டும் ஆண்கள் உண்மையில் குற்றவாளிகள் அல்ல என்று பின்னால் தெரிகிறது. தடயம் நிறைந்திருந்தாலும் முடிவு தவறலாம் என்ற அரிய பாடம் அது. ஆனால் அடுத்த கட்டத்தில் விளையாட்டு தன் பாடத்தையே கைவிடுகிறது. எல்லாக் கொலைகளையும் செய்தவன் இவனே என்று ஒரு கற்பனைப் பாத்திரத்தை நிறுத்துகிறது. அவன் செல்வாக்குள்ள அரசியல்வாதி ஒருவரின் உறவினன் என்பதால் உண்மை அமுக்கப்பட்டது என்று காரணமும் சொல்கிறது. ஆவணத்தில் இல்லாததே ஆவணம் மறைக்கப்பட்டதற்குச் சான்றாகிவிடுகிறது. இந்தத் தர்க்கத்தைக் கொண்டு எதையும் நிறுவிவிடலாம். அதனாலேயே அது எதையும் நிறுவுவதில்லை.

நகர உருவத்திலும் இதே போக்கு தலைகாட்டுகிறது. விளையாட்டில் வரும் ஒரு காட்சி, 1916இல் வெளிவந்த ‘இன்டாலரன்ஸ்’ திரைப்படத்தின் பிரம்மாண்ட அரங்கில் நடக்கிறது. 1947க்கு வெகு முன்பே அந்த அரங்கு இடிக்கப்பட்டுவிட்டது. பாரிஸைக் களமாகக் கொண்ட ‘அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி’யில் (2014) நோத்ருதாம் தேவாலயத்தின் மீது பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கூர்கோபுரம் புரட்சிக் காலத்திலேயே நிற்கிறது. ஆக்கத்துக்காகச் செய்யும் இம்மாற்றங்கள் தவறல்ல. ஆனால் எது ஆவணம், எது கற்பனை என்று பிரித்தறிய ஆடுபவருக்கு அந்த உலகத்துக்குள் வழி இல்லை. தடயங்களைச் சந்தேகிக்கக் கற்றுத்தரும் விளையாட்டு, தான் காட்டும் நகரத்தை மட்டும் சந்தேகத்துக்கு அப்பால் வைத்துவிடுகிறது.

4. ஸ்ரீவில்லிபுத்தூரின் மூன்று கேள்விகள்

இந்த விதிகளை அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? அவ்வூர் பற்றிய மூன்று கேள்விகள் மூன்று வகைச் சான்றுகளைச் சார்ந்தவை: வானியல் குறிப்பு, வாய்மொழி மரபு, அண்மைக்கால அரசு முத்திரை.

4.1 ஆண்டாள் எந்த நூற்றாண்டு?

குருபரம்பரை நூல்கள் ஆண்டாளின் பிறப்பைக் கலியுகத்தின் முதல் நூற்றாண்டில் வைக்கின்றன. நவீன ஆய்வு வேறு வழியில் சென்றது. திருப்பாவையில் விடியற்காலத்தில் வெள்ளி எழுவதையும் வியாழன் மறைவதையும் சேர்த்துச் சொல்லும் குறிப்பு ஒன்று உண்டு. நூலின் தொடக்கம் மார்கழி மாதத்து முழுநிலவு நாளைச் சொல்கிறது. இவற்றை இணைத்துக் கணித்த மு. இராகவையங்கார் கி.பி. 731ஆம் ஆண்டைச் சுட்டினார். எஸ். வையாபுரிப்பிள்ளை உள்ளிட்டோர் ஆண்டாளை ஒன்பதாம் நூற்றாண்டினராகக் கொண்டனர். பெரியாழ்வாரோடு மரபு சேர்த்துச் சொல்லும் வல்லபதேவ பாண்டியனை ஒன்பதாம் நூற்றாண்டின் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபனோடு ஒன்றாகக் காண்பது அந்தக் காலக்கணிப்புக்குத் துணையாகிறது.

துப்பறியும் விளையாட்டில் கோள்நிலைக் குறிப்பு அருமையான தடயம். ஆடுபவர் வானத்தைச் சுழற்றிப் பார்த்து ‘731’ என்று பொருத்தியதும் மணி ஒலிக்கும். ஆனால் இந்தத் தடயத்தின் பலம் எவ்வளவு? வெள்ளி எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறத்தாழ அதே நாளில் அதே நிலைக்குத் திரும்புகிறது. வியாழன் ராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே தளர்வாக எடுத்துக்கொண்டால், மார்கழி விடியலில் கிழக்கே வெள்ளியும் மேற்கே சாயும் வியாழனும் தென்படும் ஆண்டுகள் ஒவ்வொரு நூற்றாண்டிலும் பலமுறை வரும். முழுநிலவு, இரண்டும் ஒரே பொழுதில் நிகழ்தல் என்று நிபந்தனைகளை இறுக்க இறுக்க ஆண்டுகள் குறையும். எவ்வளவு இறுக்குவது என்பதைப் பாடல் சொல்வதில்லை, ஆய்வாளர்தான் தீர்மானிக்கிறார். அதற்கும் முன்பு, அந்தக் குறிப்பு கவிஞர் கண்ணால் கண்ட வானமா, விடியலைச் சொல்லும் வழக்கமான முறையா என்றும் தீர்மானிக்க வேண்டும். கணிதம் துல்லியமாக இருக்கலாம். அதற்குக் கொடுக்கும் முற்கோள் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை.

இராகவையங்காரின் முயற்சியை இது குறைத்துவிடாது. இலக்கியக் குறிப்பை வானியலோடு உரசிப் பார்த்த துணிவு பெரிது. இங்கே கற்க வேண்டிய பாடம், ஒரு தடயம் எத்தனை விடைகளுக்கு இடம் தருகிறது என்று கேட்பதுதான். மணி ஒலித்துவிட்டால் அந்தக் கேள்வி எழாது.

4.2 மணி மண்டபங்கள் வழியே மதுரைக்கு ஓசை போனதா?

1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. ஊரில் அவர் பெயரால் வழங்கும் அரண்மனை இருக்கிறது. பின்னாளில் அதில் நீதிமன்றம் இயங்கியது. அவரைப் பற்றி இப்பகுதியில் வழங்கும் கதை பலருக்கும் தெரியும். ஆண்டாள் கோயிலில் பூசை நடந்து முடிந்த பிறகே மன்னர் மதுரையில் உணவு கொள்வார். அந்தச் செய்தியை அறிவிக்க வழிநெடுக மணி மண்டபங்கள் கட்டப்பட்டன. ஒரு மண்டபத்து மணியோசை கேட்டதும் அடுத்த மண்டபத்தில் மணி அடிப்பார்கள். இப்படியே ஓசை மதுரை சேரும்.

வீடியோ கேமுக்கென்றே அமைந்த காட்சி இது. மண்டபத்துக்கு மண்டபம் ஓடி, எந்த மணி ஒலிக்கவில்லை, ஏன் ஒலிக்கவில்லை என்று துப்பறியும் ஒரு முழு அத்தியாயத்தையே அமைத்துவிடலாம். ஆய்வாளர் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஏறத்தாழ இதே கதை வீரபாண்டிய கட்டபொம்மனுக்கும் சொல்லப்படுகிறது. அங்கே கோயில் திருச்செந்தூர், அரண்மனை பாஞ்சாலங்குறிச்சி. ஒன்றரை நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்த இரு ஆட்சியாளர்கள். ஒரே பக்தி, ஒரே ஏற்பாடு.

இதற்கு விளக்கங்கள் பல இருக்கலாம். மணிவழிச் செய்தி உண்மையிலேயே தென்பாண்டி ஆட்சியாளர்களிடம் இருந்த ஒரு நடைமுறையாக இருக்கலாம். பக்தியுள்ள அரசன் இப்படித்தான் இருப்பான் என்ற எதிர்பார்ப்பு, ஒரு கதையை ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பெயர்த்திருக்கலாம். சாலையோர மண்டபங்கள் வேறு பயனுக்காக எழுந்து, பின்னர் இந்தக் கதை அவற்றைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருக்கலாம். மண்டபம் நிற்பது மண்டபம் இருந்ததற்குச் சான்று. மணியோசை போனதற்கு அதுவே சான்றாகாது. எனினும் கதை ‘பொய்’ என்று தள்ளத்தக்கதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரும் மதுரையும் ஒன்றோடொன்று எப்படி உறவு கொண்டாட விரும்பின என்பதற்கு அது முதல்தரச் சான்று. ‘நடந்தது’, ‘நடக்கவில்லை’ என்ற இரண்டு பொத்தான்களில் இந்த நுட்பம் அடங்காது.

4.3 முத்திரையில் இருப்பது எந்தக் கோபுரம்?

மூன்றாவது கேள்வி நம் காலத்தை ஒட்டியது. 1949இல் ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் வரைந்த தமிழ்நாட்டு அரசு முத்திரையில், அசோகரின் சிங்கத் தலைக்குப் பின்னால் ஒரு கோபுரம் நிற்கிறது. அது 11 நிலைகளும் சுமார் 192 அடி உயரமும் கொண்ட ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பது தமிழகமெங்கும் பரவிய கருத்து. தமிழறிஞர் ரசிகமணி டி. கே. சி. இதைப் பரிந்துரைத்தார் என்ற செய்தியும் வழங்குகிறது. ஓவியர் வரைந்தது மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம் என்பது மறுதரப்பு. ஓவியரே அப்படிச் சொன்னதாக அவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள்.

துப்பறியும் மனம் உடனே நோக்கத்தைத் தேடும். 1949 ஏப்ரலில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாருக்குப் பின் சென்னை மாகாணத்தின் பிரதமர் பொறுப்பை ஏற்றவர் பி. எஸ். குமாரசாமி ராஜா. அவர் ராஜபாளையத்துக்காரர். பக்கத்து ஊர்க் கோபுரம் முத்திரையில் ஏறியதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் வேண்டுமா என்று தோன்றும். விளையாட்டாக இருந்தால் சுவரில் மாட்டிய பலகையில் ராஜபாளையத்தையும் முத்திரையையும் சிவப்பு நூலால் இணைத்துவிடுவார்கள். ஆனால் டி. கே. சி. பற்றிய செய்தி ஓமந்தூரார் காலத்தைச் சார்ந்தது. அது சரியென்றால் குமாரசாமி ராஜா பதவியேற்குமுன்பே தேர்வு நடந்திருக்க வேண்டும். அவரது ஊர் காரணமாக முடியாது. அருகில் பிறந்தார் என்பது வாய்ப்பைக் காட்டும், செயலைக் காட்டாது.

நிலைகளை எண்ணிப் பார்க்கலாம் என்பது அடுத்த யோசனை. மதுரை மேற்குக் கோபுரத்துக்கு ஒன்பது நிலைகள். ஆனால் முத்திரையின் கோபுரம் சிறிய வட்டத்துக்குள் அடங்க வரைந்த கோட்டுருவம். கீழ்ப்பகுதியைச் சிங்கத் தலை மறைக்கிறது. அச்சில் தெளிவாகத் தெரிய ஓவியர் நிலைகளைச் சுருக்கலாம், விகிதத்தை மாற்றலாம். அரசாணைக் கோப்பும் ஓவியரின் முன்வரைவுகளுமே இங்கே முதல்நிலைச் சான்று. வாய்வழிச் செய்திகள், ஓவியருடைய கூற்று உட்பட, அதற்கு அடுத்த நிலையில் நின்று அவற்றோடு ஒத்துப்பார்க்கப்பட வேண்டியவை. அரசு கேட்டது ஒரு கோபுரத்தை, ஓவியர் மனத்தில் இருந்தது வேறொன்று என்பதும் சாத்தியமே. அப்போது இரு தரப்பும் தத்தம் அளவில் சரியாகிவிடும். ஒரே குற்றவாளியைத் தேடும் விதிக்குள் இந்த விடைக்கு இடமே இல்லை.

5. எதிர்வாதம்

விளையாட்டு என்றால் வெற்றி வேண்டும், முடிவு வேண்டும். ஐயத்தை மட்டும் கொடுத்தால் யார் ஆடுவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். லூகாஸ் போப்பின் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ (2018) 60 பேரின் கதியை ஆடுபவரைக் கண்டறியச் செய்கிறது. மூன்று பேரின் கதி சரியாக அமைந்தால்தான் உறுதிப்படுத்துகிறது. அந்தக் கட்டுப்பாடே அதன் சுவை. முழுக்கக் கற்பனையான கப்பலுக்கு அது முற்றிலும் பொருந்தும்.

வரலாற்று நகரத்துக்கு வேறு வழி உண்டு என்பதை ஆப்சிடியன் நிறுவனத்தின் ‘பென்டிமென்ட்’ (2022) காட்டியது. பதினாறாம் நூற்றாண்டு பவேரியாவின் சிற்றூர் ஒன்றில் நடக்கும் கொலைகளை ஓர் ஓவியர் விசாரிக்கிறார். நேரம் குறைவு, எல்லாத் தடயத்தையும் பார்க்க முடியாது. ஆனாலும் ஒருவரைக் குற்றம் சாட்டியாக வேண்டும். அவர் கையால்தான் கொலை நடந்தது என்று விளையாட்டு உறுதி சொல்வதே இல்லை. அந்த முடிவின் விளைவுகளோடு ஊர் பல ஆண்டுகள் வாழ்வதை மட்டும் காட்டுகிறது. காலிங்வுட் பிரித்துச் சொன்ன இரு நிலைகளையும் இது ஒருசேர உணர்த்துகிறது. நீதிமன்றத்தின் அவசரத்தில் தீர்ப்புச் சொல்ல வைத்துவிட்டு, வரலாற்றாசிரியரின் ஐயத்தோடு வாழவும் வைக்கிறது. ஐயம் ஆட்டத்தின் சுவையைக் கெடுக்கும் என்ற வாதம் இதோடு வலுவிழக்கிறது.

அறம் சார்ந்த ஒரு காரணமும் உண்டு. எலிசபெத் ஷார்ட் வாழ்ந்து மறைந்த ஒரு பெண். அவர் மரணத்துக்குக் கற்பனை விடை கொடுப்பது அவர் நினைவின் மீது உரிமை கொண்டாடுவதாகும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்தப் பொறுப்பு இன்னும் கூடுதல். ஆண்டாள் அங்கே ஆய்வுப் பொருள் மட்டுமல்ல. ஆடிப்பூரத்தன்று தேரில் உலாவரும் தெய்வம். நம்புகிறவரும் ஆராய்கிறவரும் ஒரே வீதியில் நடக்கும் ஊரில், ஒற்றை விடையை வெற்றி ஒலியோடு அறிவிக்கும் விளையாட்டு இருவருக்குமே நீதி செய்யாது.

6. முடிவுரை: பதிப்பாசிரியரின் முறை

இதற்கான மாதிரியை வெளியில் மட்டும் தேட வேண்டியதில்லை. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. தாய் விட்டுச்சென்ற சமையல் குறிப்பேட்டில் எழுத்து அழிந்தும் தாள் கிழிந்தும் போன இடங்களை ஊகித்து நிரப்புவதே அதன் புதிர். சிதைந்த மூலத்தைப் படிக்கும் வேலை அது. தமிழ்ப் பதிப்பு மரபு நன்கு அறிந்த வேலையும்கூட.

உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, ஏடுகள் முரண்பட்ட இடங்களில் ஒரு பாடத்தைத் தேர்ந்துகொண்டு, மற்றவற்றைப் பிரதிபேதமாகக் குறித்துவைக்கும் ஒழுக்கத்தைத் தமிழில் நிலைநிறுத்தினார். சிதைந்த அடிகளைத் தாமே எழுதி நிரப்பவில்லை. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அந்த எண்கள் இன்றும் பாடலின்றியே நிற்கின்றன. முடிவெடுக்கும் துணிவும் மாற்று விடையைக் காக்கும் நேர்மையும் ஒரே பக்கத்தில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரைப் பற்றிய துப்பறியும் விளையாட்டுக்கு நான் முன்வைக்கும் விதிகள் இந்த ஒழுக்கத்திலிருந்து வருபவை. ஒவ்வொரு தடயத்தோடும் அதைச் சொன்னவர் யார், நிகழ்வுக்கு எவ்வளவு காலம் பின்னால் சொன்னார் என்பது சேர்ந்தே வர வேண்டும். ஆடுபவர் தரும் விடையில் உறுதி, வாய்ப்பு, ஐயம் என்ற நிலைகள் இருக்க வேண்டும். அவர் கைவிட்ட விளக்கங்கள் அழிந்துபோகாமல் அவருடைய குறிப்பேட்டில் பிரதிபேதமாக நிற்க வேண்டும். திரையில் காணும் கோபுரத்திலும் வீதியிலும் எது ஆவணப்படி, எது கற்பனை என்று அவர் விரும்பும்போது பார்க்க முடிய வேண்டும். அசாசின்ஸ் க்ரீட் தொடர் 2018இல் சேர்த்த ‘டிஸ்கவரி டூர்’ சில இடங்களில் தன் மாற்றங்களை விளக்கியது; அதைத் தனிச் சுற்றுலாவாக ஒதுக்காமல் ஆட்டத்துக்குள்ளேயே கொண்டுவரலாம்.

இப்படி அமையும் விளையாட்டில் ஆண்டாளின் காலத்துக்கு ஒருவர் எட்டாம் நூற்றாண்டைத் தேர்ந்தெடுப்பார். இன்னொருவர் ஒன்பதைத் தேர்ந்தெடுப்பார். இருவரும் தம் காரணத்தைச் சொல்ல வேண்டும். மற்றவருடைய காரணத்துக்குப் பதில் தர வேண்டும். வரலாற்றுக் கல்வி வளர்க்க வேண்டிய திறன் அதுதான். தன் ஊரைப் பற்றி அப்படி வாதிடப் பழகிய மாணவர், கைப்பேசியில் வந்துசேரும் வரலாற்றுச் செய்தியையும் ‘இதைச் சொன்னது யார், எதைக் கொண்டு’ என்று கேட்பார்.